விடுமுறையில் வந்து சம்ப் ஒழுகலை அடைப்பவர்களுக்கு: கடலூர், புதுச்சேரி நிலவரம்

மார்கழியில் ஊருக்கு வந்து சம்ப் எனும் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியைச் சரிசெய்யத் திட்டமிட வேண்டாம். மழை முடிந்த கையோடு கரையோரத் தெருக்களில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும். தொட்டியைக் காலிசெய்தால் வெளிநீர் உள்ளே கசியும். அந்த அழுத்தத்தில் புதுப்பூச்சு உப்பி உரிந்துவிடும். பொங்கல் நெருங்கினால் கொத்தனாரும் கிடைக்க மாட்டார். பிரான்சிலிருந்து ஆடியில் வருபவர்களுக்குத்தான் காலம் தோது.

"ரெண்டு நாள் வேலைதான் சார்" என்பார்கள். பூச்சு அடிக்க அது போதும். ஆனால் கொத்தி, கழுவி, கலவை ஆறி, பூச்சு இறுகி, தண்ணீர் நிரப்பிப் பார்க்க 15 நாளாவது வேண்டும். டிக்கெட் போடும்போதே கணக்கில் வையுங்கள்.

ஒழுகல் பெரும்பாலும் தரையும் சுவரும் சேரும் மூலையிலும் குழாய் நுழையும் இடத்திலும்தான் இருக்கும். அங்கே ஓர் அங்குல ஆழம் கொத்தி, தூசி போகக் கழுவி, 1:3 சிமெண்ட்-மணல் கலவையால் அடைத்து, மூலை நெடுக 2 அங்குலம் சரிவாக இழைக்க வேண்டும். கலவைக்கான வாட்டர்புரூஃபிங் திரவம் பொதுவாக 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 200 மில்லி. டின்னில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி.

உப்புக்காற்றில் மூடித்தளத்தின் அடிக்கம்பி துருப்பிடித்திருக்கும். கம்பியின் பின்புறம் தெரியும்வரை கொத்தி, துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு பூச வேண்டும். இதைச் செய்யாமல் மேலே மெழுகினால், துரு பெருத்துப் பூச்சையும் தள்ளிக்கொண்டு விழும். பலர் தவிர்க்கும் வேலை இதுதான். பக்கத்தில் நின்று பாருங்கள்.

பூச்சுக்கு, பவுடரும் திரவமுமாக வரும் பாலிமர் சிமெண்ட் வகை நல்லது. குடிநீர்த் தொட்டிக்கு உகந்தது என்று பாக்கெட்டில் இருக்க வேண்டும். சுவர் ஈரமாக இருக்கலாம், நீர் வழியக் கூடாது. முதல் கை மேலும் கீழும், இரண்டாம் கை குறுக்கே. எளிதாக ஓடட்டும் என்று தண்ணீர் கலந்தால் பூச்சின் பலமே போய்விடும். உள்ளே இறங்குமுன் மூடியைத் திறந்து, ஃபேன் வைத்துக் காற்றோட்டம் கொடுத்து, மேலே ஓர் ஆளை நிறுத்துங்கள்.

கூலி சதுர அடிக்கணக்கு. 8×6 அடி, 5 அடி ஆழம் என்றால் தரையும் சுவரும் 188 சதுர அடி. மூடித்தளமும் சேர்ந்தால் 236. எது என்று எழுதி வாங்குங்கள்.

ஒரு வாரம் ஆறியபின் நிரப்பி, ஒரு நாள் ஊறவிட்டு, வால்வை மூடி, மோட்டாரையும் நிறுத்தி, மட்டத்தைக் குறியுங்கள். 48 மணி நேரத்தில் 1 செ.மீ. இறங்கினால் சுமார் 45 லிட்டர் எங்கோ போகிறது. கடைசித் தவணையை அதன்பிறகே கொடுங்கள்.