ஸ்டெயர் எல்பி 10: திருகோணமலையில் இருந்துகொண்டு வாங்கலாமா?

ஸ்டெயர் எல்பி 10 என்ற போட்டிக் காற்றுப் பிஸ்டலைப் பற்றிய என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் புதிதாக வேண்டாம், பெட்டியோடு வருகிற பிடியும் வேண்டாம்.

பத்து மீற்றர் காற்றுப் பிஸ்டல் சுடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும்: இருக்கிறதோடு காலத்தைக் கொண்டுபோவதா, காசைச் சேர்த்து ஐரோப்பியப் பிஸ்டல் ஒன்று எடுப்பதா? என்னிடம் அனுமதிப்பத்திரத்தோடு இருப்பது ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகரில் செய்த இஷ் 46எம். கழகத் தோழி ஒருத்தி தன் ஸ்டெயர் எல்பி 10ஐக் கொழும்பில் பயிற்சி நேரங்களில் எனக்குச் சுடத் தந்தாள். அவளிடம் தொழிற்சாலைப் பிடியும் இருக்கிறது, ஜெர்மனியில் றிங்க் நிறுவனத்திடம் கையளவு கொடுத்துச் செய்வித்த பிடியும் இருக்கிறது. எங்கள் இருவருடைய கையும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் இரண்டையும் மாற்றிமாற்றிப் பூட்டிப் பார்க்க முடிந்தது.

இஷ்ஷைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர். பிஸ்டலை அசையாமல் இறுக்கி வைத்துச் சுட்டால் இஷ் எல்லாக் குண்டையும் அதற்குள்தான் போடும். தொல்லை அதன் நெம்புகோலில். ஒவ்வொரு குண்டுக்கும் அதை விரித்து மடக்கிக் காற்றை அடைக்கவேண்டும். போட்டியில் 75 நிமிடத்தில் 60 குண்டு. அதற்கு முதல் ஆயத்தக் குண்டுகள் வேறு. கடைசி இருபது குண்டுக்கு வரும்போது முன்கை இறுகிப்போய், குழல் நுனியில் இருக்கிற முன்குறி நடுங்கத் தொடங்கும். ஸ்டெயரில் இந்தப் பாடு இல்லை. குழலுக்குக் கீழே 200 பார் அழுத்தத்தில் காற்றுச் சிலிண்டர், விரலால் தள்ளுகிற சின்ன நெம்பு, அவ்வளவுதான். குண்டு வெளியேறும்போது உள்ளே ஒரு சிறு எடை எதிர்த்திசையில் நகர்ந்து உதைப்பை வாங்கிக்கொள்கிறது. சுட்டு முடிந்த பிறகும் முன்குறி பின்குறியின் வெட்டுக்குள்ளேயே நிற்பதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இனிப் பிடிக்கு வருகிறேன். காசின் பெறுமதி முழுக்க அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. ஒரு பிடி உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கக் குண்டே தேவையில்லை. பிஸ்டலைக் கையில் சரியாகப் பொருத்தி, கண்ணை மூடி, கையைத் தூக்கி, மூச்சை அமர்த்திவிட்டுக் கண்ணைத் திறவுங்கள். முன்குறி பின்குறியின் நடுவில் நிற்கவேண்டும். தொழிற்சாலைப் பிடியில் எனக்கு அது எப்போதும் இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. மணிக்கட்டைத் திருப்பி நேராக்கலாம், ஆனால் விசை இழுக்கிற நொடியில் மணிக்கட்டு தன் இடத்துக்கே திரும்பிவிடும். எட்டாம் வளையம் அப்படித்தான் விழுகிறது. றிங்க் பிடியைப் பூட்டியதும் குறி நடுவில் வந்து நின்றது. பெருவிரலின் அடிமேட்டுக்கு ஒரு குழி, சுண்டுவிரலுக்குத் தனி இடம், உள்ளங்கையைக் கீழிருந்து தாங்குகிற தட்டு, எல்லாம் அதனதன் இடத்தில். இறுக்கிப் பிடிக்கவேண்டிய தேவையே போய்விடுகிறது. மேற்பரப்பைச் சொரசொரப்பாகக் குத்தி விட்டிருக்கிறார்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் எங்கள் ஊரில் உள்ளங்கை எப்படி வியர்க்கும் என்று தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

விசை மின்சுற்றால் இயங்குகிற மின்விசைப் பிஸ்டல் எடுக்கலாமே என்று கழகத்தில் சிலர் சொன்னார்கள். சுவிற்சர்லாந்தின் மொரினி சிஎம் 162இஐ போன்றவற்றின் விசை கண்ணாடிக் கம்பி முறிவதுபோல அத்தனை சுத்தம், அதை மறுக்கவில்லை. ஆனாலும் உவர்மலையில் மூன்று பக்கமும் கடலை வைத்துக்கொண்டு வாழ்கிறவள் நான். உப்புக்காற்று வீட்டு மின்சாதனங்களை என்ன பாடுபடுத்துகிறது என்று தினமும் பார்க்கிறேன். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கருடைய மின்விசைப் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி, திருத்தி வருவதற்குள் பொன்னான நிமிடங்கள் போய், இறுதிச் சுற்றையே இழந்தார். அதே பிரிவில் 2024இல் பாரிஸில் வெண்கலம் வென்றார் என்பது அவருடைய மனவுறுதி. எனக்குப் பழுது வந்தால் பக்கத்தில் திருத்த ஆளில்லை. ஸ்டெயரின் விசை முழுக்க இயந்திர விசை. விசையை இழுக்கத் தேவையான எடை ஐநூறு கிராமுக்குக் குறையக்கூடாது என்ற விதிக்கு ஏற்ப ஒரு சின்ன சாவியால் நானே சரிசெய்யலாம்.

காற்றுக்கு எங்கே போவது? இதில் திருகோணமலைக்காரருக்கு ஒரு வசதி உண்டு. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் உள்ள சுழியோடல் நிலையங்களில் நிரப்புவதும் 200 பாரை ஒட்டிய, வடிகட்டிய, ஈரமில்லாத காற்றுத்தான். இணைப்பான் ஒன்று இருந்தால் போதும். விசாரிக்கப் போன இடத்தில் ஒரு தம்பி, "மெல்ல விடவேணும் அக்கா, அவதிப்பட்டா சிலிண்டர் சூடாகும். சூடு ஆறினவுடன அளவு இறங்கிடும்" என்றான். சரியான பேச்சு. ஒட்சிசனை மட்டும் ஒருபோதும் நிரப்பக்கூடாது, வெடிக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் அநேகமான நிலையங்கள் பூட்டிவிடும் என்பதால், சுழியோடிகளின் பெரிய சிலிண்டர் ஒன்றைப் பருவம் முடிய முதல் நிரப்பி வைத்துக்கொள்ளவேண்டும். அதில் அழுத்தம் 150க்கு இறங்கினாலும் பரவாயில்லை. பிஸ்டலுக்குள் அழுத்தச் சீராக்கி இருப்பதால் குண்டின் வேகம் மாறாது, நிரப்புக்கு வருகிற குண்டுகள்தான் குறையும்.

விலை. இந்தத் தரத்தில் புதியது எதை எடுத்தாலும் 1,500 யூரோவைத் தாண்டும், எங்கள் காசில் ஐந்து இலட்சத்துக்கு மேல். நன்றாகப் பராமரித்த பழைய எல்பி 10 அதைவிட எவ்வளவோ மலிவு. குழல் இலகுவில் தேயாது. பார்க்கவேண்டியது சிலிண்டரை. அதில் தயாரித்த திகதி பொறித்திருக்கும், ஆயுள் பத்து வருடம். காலம் கடந்த சிலிண்டரோடு வருகிற பிஸ்டலுக்குப் புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேசவேண்டும். மிச்சம் பிடிக்கிற காசைக் கையளவுப் பிடிக்குப் போடுங்கள்.

இறக்குமதிக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி முதலில் வேண்டும். காற்றுத் துவக்குத்தானே என்று யாரும் அனுமதியில்லாமல் பொதியில் போட்டு அனுப்பச் சொல்லவேண்டாம். நான் கழகத்தின் கடிதத்தோடு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். கையை வெள்ளைத் தாளில் விரித்து வைத்துப் பென்சிலால் வரைந்து அளவும் எடுத்தாயிற்று. அனுமதி வந்த பிறகுதான் காசு அனுப்புவேன்.