வள்ளி கும்மி ஆல்பம்: பாட்ட ஓடவிட்டு எடுக்கறதா, லைவ்வா எடுக்கறதா?

நம்ம கொங்குப் பக்கம் வள்ளி முருகன் கதையப் பாடி ஆடற வள்ளி கும்மிக் குழுவுங்க ஆல்பம் சாங் போடறது எனக்கு ரொம்ப சந்தோசமுங்க, ஆனா நெறைய பேரு அதையும் சினிமா டூயட் மாதிரியே எடுத்துடறாங்க, அதனாலதான் ரெண்டு வழியையும் பக்கத்துல வெச்சுப் பேசலாம்னு தோணுச்சு.

மொதல்ல பிளேபேக். ஸ்டுடியோ பாட்ட ஸ்பீக்கர்ல விட்டு வாயசைக்க வெச்சு, வைடு, க்ளோசப்புன்னு திரும்பத் திரும்ப எடுத்து பீட்டுக்கு பீட்டு வெட்டறது. சத்தம் சுத்தமா இருக்கும், தப்பு வந்தா இன்னொரு டேக். பொள்ளாச்சி தென்னந்தோப்புல ஒருத்தரே பாடிட்டு நடந்து வர்ற பாட்டுன்னா கண்ண மூடிட்டு இதையே எடுங்க. ஸ்லோமோவும் இதுலதான் அழகா வரும், பாட்ட ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டி நொடிக்கு 50 பிரேம்ல எடுத்து 25ல போட்டா வாயசைவு சரியா உக்காந்துக்கும், முந்தானை மட்டும் மெதுவா பறக்கும்.

ஆனா கும்மிக்கு அந்த ஸ்லோமோ ஆகவே ஆகாது. ரெண்டு மடங்கு வேகத்துல யாருங்க குனிஞ்சு நிமிந்து கைதட்ட முடியும்? அடவே, அதாவது ஆட்டத்தோட அசைவு வரிசையே கொலைஞ்சு போயிரும்.

இன்னொன்னு, சத்தம் நொடிக்கு சுமாரா 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கர மைதானத்தோட ஒரு மூலைல வெச்சா, 34 மீட்டர் தள்ளி நிக்கறவங்களுக்குப் பாட்டு 0.1 நொடி லேட்டாப் போகும், அதாவது நொடிக்கு 25 பிரேம்னா ரெண்டரை பிரேம். தூரத்துல நிக்கறவங்க வாயசைவுல வைடு ஷாட்ல அது அவ்வளவா தெரியாது, ஆனா மொத்தக் கூட்டமும் சேந்து தட்டறப்ப வைடு ஷாட்ல அந்தக் கடைசி வரிசை மட்டும் பிந்தறது பளிச்சுன்னு தெரிஞ்சிரும். பிளேபேக்குதான்னு முடிவு பண்ணிட்டா ஸ்பீக்கர வட்டத்துக்கு நடுவுல வெச்சிருங்க, எல்லாருக்கும் ஒரே தூரம்.

லைவ்னா கும்மி ஆசிரியர் பாடப் பாட மூணு கேமரா ஒண்ணா ஓடும், சவுண்டு மிக்சர்ல இருந்து ஒரு லைன், தட்டறவங்க பக்கம் தனியா ஒரு மைக். மொதக் கைதட்டையே வெச்சு எடிட்டிங் டைம்லைன்ல எல்லாத்தையும் சேத்துக்கலாம், கிளாப் போர்டே வேண்டாம். ராத்திரி அரங்கேற்றம்னா நம்மூரு கரண்டு 50 ஹெர்ட்ஸ்ங்கறதால 25 பிரேம், ஷட்டர் 1/50 வெச்சிருங்க, இல்லீனா சில லைட்டுல படம் மினுக்கும். ட்ரோன் பறந்தா அந்த இரைச்சல் மைக்குல ஏறிரும், அதுக்கு மட்டும் தனியா ஒரு ரவுண்டு ஆடச் சொல்லிக் கேளுங்க.

லைவ்ல பெரிய கொறை, முகம் கிட்டக்க கெடைக்காது. எனக்கு அது கொறையாவே படலீங்க. 2024ல பத்மஸ்ரீ வாங்குன கும்மிக் கலைஞர் பத்ரப்பன் ஐயா பொம்பளைங்களுக்கும் சொல்லிக் குடுத்து வளத்த ஆட்டம் இது, வட்டத்துல ஒருத்தர் மட்டும் ஹீரோயின் கெடையாது. அரை நொடிக்கு ஒரு கட் போட்டா அந்த வட்டமே கண்ணுல நிக்காது, அடவு மாறற எடத்துல மட்டும் வெட்டுனாப் போதும். கும்மின்னா என் ஓட்டு லைவ்வுக்குத்தான்.

ரீல்ஸுக்கு மட்டும் பிளேபேக்ல தனியா எடுங்க, நட்டுக்க நிக்கற பிரேம்ல முழு வட்டத்தத் திணிச்சா ஆளுங்க எறும்பாட்டம் ஆயிருவாங்க, நாலஞ்சு பேரை வரிசையா நிக்க வெச்சாலே நெறைவா இருக்கும்.