மென்காற்றுக்கு உகந்தது என்று விற்கப்பட்ட விங் ஃபாயில் போர்டு: பினாங்கில் வாங்குவோர் கவனத்திற்கு

பினாங்கில் விங் ஃபாயில் போர்டு (கையில் பிடிக்கும் விங் என்ற காற்றுச் சிறகால் ஓடி, அடியிலுள்ள ஃபாயில் என்ற நீரடிச் சிறகால் நீருக்கு மேல் எழும்பும் பலகை) வாங்க நினைப்பவர்கள், முக்கியமாக 80 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் எடை 84 கிலோ என்பதையும், தஞ்சோங் பூங்காவிலும் பத்து பிரிங்கியிலும் பிற்பகலில் வீசும் 8 முதல் 12 நாட் (மணிக்குச் சுமார் 15 முதல் 22 கி.மீ.) வேகக் கடற்காற்றில்தான் ஓட்டப்போகிறேன் என்பதையும் கடைக்காரரிடம் முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டுக்கொண்டே அவர் "லைட் விண்ட் போர்டு" என்று எழுதி ரசீது கொடுத்தார். 5,200 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு அவர் தந்தது 78 லிட்டர் போர்டு.

அந்த எண் ரசீதில் இல்லை. வழக்கமாகக் கொள்ளளவு அச்சிடப்பட்டிருக்கும் இடத்தில், போர்டின் அடிப்புறம் வால்பகுதியில், கடையின் விளம்பர ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. உப்புநீரில் ஊறி அதன் ஓரம் சுருண்டு உரிந்தபோதுதான் நீளம் 4 அடி 11 அங்குலம், அகலம் 27 அங்குலம், கொள்ளளவு 78 லிட்டர் என்ற வரி வெளிப்பட்டது.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஏறக்குறைய 1.025 கிலோ என்பதால், 78 லிட்டர் போர்டு முழுதும் மூழ்கினாலும் 80 கிலோவைத்தான் தாங்கும். என் 84 கிலோவுடன் போர்டு, ஃபாயிலை அதனுடன் இணைக்கும் தண்டான மாஸ்ட், ஃபாயில், கையில் பிடிக்கும் விங், நனைந்த மிதவைச் சட்டை எல்லாம் சேர்ந்தால் சுமை 100 கிலோவை நெருங்குகிறது. 20 நாட் காற்றில் விங்கே ஆளைத் தூக்கி இழுத்துவிடும் என்பதால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. 10 நாட் காற்றிலோ முழங்காலுக்கு மேல் நீரில் அமிழ்ந்தபடி தத்தளிக்க வேண்டியதுதான். கற்றுக்கொள்பவர் தம் எடையின் கிலோ எண்ணை லிட்டராகக் கொண்டு அதனுடன் 30 முதல் 40 லிட்டர் கூட்டியும், பழகியவர் மென்காற்றுக்கென 10 முதல் 20 லிட்டர் கூட்டியும் போர்டு எடுப்பதே பொதுவான வழக்கம்.

அகலம் கூடுதலாக இருப்பதால் நன்றாக மிதக்கும் என்றார் கடைக்காரர். அகலம் பக்கவாட்டில் சாயாமல் இருக்க உதவுமே தவிர, மிதப்பைத் தீர்மானிப்பது கொள்ளளவுதான். மேலும், குட்டையான அகலப் போர்டு நீரை முன்னால் தள்ளிக்கொண்டே போவதால் வேகம் எடுக்கத் திணறுகிறது. 6 முதல் 7 அடி நீளமும் 20 முதல் 22 அங்குல அகலமும் உள்ள போர்டு, அதே கொள்ளளவில்கூட, குறைந்த காற்றில் வழுக்கிச் சென்று ஃபாயில் எழும்பத் தேவையான வேகத்தை முன்னதாகவே எட்டிவிடும்.

வாங்குமுன் சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். சோதனை நடந்தது, ஆனால் படகில் கயிறு கட்டி இழுத்துக் காட்டினார்கள். படகு இழுக்கும்போது எந்தப் போர்டும் எழும்பும். நின்ற நிலையிலிருந்து காற்றை மட்டும் நம்பிக் கிளம்புவதுதான் உண்மையான சோதனை.

புகார் சொல்லப் போனபோது, "அண்ணே, காத்து இல்லன்னா போர்டு என்ன செய்யும்?" என்று சிரித்துவிட்டு, ஃபாயிலில் போர்டைத் தூக்கும் முன்பக்கச் சிறகான முன்சிறகைப் பெரிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று மேலும் 1,800 வெள்ளிக்கு ஒன்றை விற்கப் பார்த்தார். பெரிய முன்சிறகு குறைந்த வேகத்திலேயே எழும்பும் என்பது உண்மைதான். அந்தக் குறைந்த வேகத்தைக்கூட மூழ்கிய போர்டு எட்டாது என்பதை அவர் சொல்லவில்லை. வடகிழக்குப் பருவக்காற்று வரட்டும் என்றும் சமாதானம் கூறினார். அந்தக் காற்றின் முழு வேகம் குவாந்தான் பாலோக் போன்ற கிழக்குக் கரைக்குக் கிடைப்பது. தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டி நம் பக்கம் வரும்போது அது பெரிதும் தணிந்துவிடும். பினாங்கில் கடை வைத்திருப்பவருக்கு இது தெரியாதிருக்க வாய்ப்பில்லை.

விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்ற அறிவிப்பைச் சுட்டிக்காட்டிப் பணத்தைத் தர மறுத்துவிட்டார். எந்தப் பயன்பாட்டுக்கு என்று வாங்குபவர் சொல்லி வாங்கிய பொருள் அதற்குப் பொருந்த வேண்டும் என்பது 1999 ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள உத்தரவாதம். சுவரில் ஒட்டிய அறிவிப்பு அதை நீக்கிவிடாது. ஆகவே பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்து விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறேன். அங்கு 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதும், எடையையும் காற்றையும் குறிப்பிட்டு நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும், உரிந்த ஸ்டிக்கரின் படமும் மனுவுடன் இணைக்கப்பட்டுள்ளன. இதே கடையில் இதே போல் வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால், லிட்டர் எண் தெரியும்படி போர்டின் அடிப்புறத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.