வீட்டுக்கு வந்த பிறகு

பிப்ரவரியில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, சிங்கப்பூரில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டார். ஊரில் அப்போது ஐந்தரை. "அப்பாவுக்கு வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு பாப்பா. வலது கை தூக்க வரல. பேச்சும் வரல."

பக்கத்து வீட்டுத் தம்பி அதற்குள் 108-க்குச் சொல்லிவிட்டான். மன்னார்குடி பக்கம் உள்ளடங்கிய எங்கள் கிராமத்துக்கு ஆம்புலன்ஸ் 25 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அரசு மருத்துவமனையில் இறக்கியதும் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக் கட்டி அடைத்து வந்த பக்கவாதம் என்றார்கள். ஒரு பைசா கேட்கவில்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிதான் போட முடியாமல் போனது. அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். ஆள் கடைசியாக நன்றாக இருந்ததை யார் எப்போது பார்த்தார்களோ, அந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. அப்பா படுத்தது இரவு பத்து மணிக்கு. தூக்கத்திலேயே வந்திருக்கிறது.

மூன்றாம் நாள் திருச்சியில் இறங்கி ஊருக்கு வந்தேன். அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திறந்தபோது பிரஷர் மாத்திரை அட்டைகள் பிரிக்காமலே அடுக்கிக் கிடந்தன. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர் அக்கா மாதாமாதம் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தவை. "தலைவலிதான் இல்லையே, எதுக்கு மாத்திரைன்னு நிறுத்திட்டாரு" என்றார் அம்மா. பிரஷர் வலிக்காது. அதுதான் அதன் பயங்கரம்.

எட்டாம் நாள் டிஸ்சார்ஜ். மாத்திரைச் சீட்டு கொடுத்தார்கள், அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். வீட்டில் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, எப்படி உட்கார வைப்பது, பயிற்சியை எப்போது தொடங்குவது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. பக்கவாதத்தில் போன அசைவு பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான் வேகமாகத் திரும்புகிறது. அதில் பதினொரு நாளை வெறுமனே கழித்தோம். இன்றைக்கும் அது நெஞ்சில் குத்துகிறது. இந்த நிலையில் இருக்கும் யாரும் வார்டை விட்டுக் கிளம்பும் முன் பிசியோவை, அதாவது கை கால் பயிற்சி சொல்லித் தருபவரை, பார்க்காமல் வராதீர்கள்.

அந்தப் பதினொரு நாளில் நான் செய்த இன்னொரு தவறு, டவுனில் ஓர் ஏஜென்சியிடம் முன்பணம் கட்டி ஆள் வைத்தது. நாளைக்கு 900 ரூபாய், "டிரெயினிங் எடுத்த நர்ஸ்" என்றார்கள். வந்தது இருபது வயதுப் பெண், பாவம், யாரும் அவளுக்கு எதுவும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அப்பாவின் விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினாள். நாங்களும் அப்படித்தான் தூக்கிக்கொண்டிருந்தோம். தோள்பட்டை இறங்கி, இரவெல்லாம் முனகினார்.

மாத்திரை கொண்டுவரும் அக்காதான் வழி காட்டினார். "அந்தத் திட்டத்திலேயே பிசியோ வீட்டுக்கு வருவாரே, ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கோபப்பட்டு, அங்கேயே நின்று போன் போட்டார். மூன்றாம் நாள் பிசியோ தம்பி வந்தார். வட்டாரம் முழுக்கச் சுற்றுகிறவர், வாரம் ஒரு நாள்தான் வர முடியும். அதனால் அப்பாவுக்குச் செய்ததைவிட அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே அதிகம். கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, முதுகுக்குப் பின்னால் கை கொடுத்து அணைத்து எழுப்ப வேண்டும். படுக்கும்போது வலது கைக்கு அடியில் தலையணை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தண்ணீர் குடித்தால் அப்பாவுக்குப் புரையேறியது. நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, ஸ்பூன் ஸ்பூனாகக் கெட்டிக் கஞ்சி கொடுக்கச் சொன்னார். புரையேறுவது நுரையீரலுக்குள் போய் நிமோனியாக் காய்ச்சலாக மாறுமாம். அம்மா ஒவ்வொன்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் கக்கூஸ் கொல்லையில் இருக்கிறது. நாலு படி இறங்க வேண்டும். ஆசாரி ஒரே நாளில் படியோரம் இடுப்பு உயரத்துக்கு மூங்கில் கைப்பிடி அடித்தார், அப்பா இறங்கும்போது நல்ல கை, அதாவது இடது கை, பிடிக்கும் பக்கமாகப் பார்த்து. கமோடு சேர் வாங்கினோம். இருபதாயிரம் ரூபாய்க்கு மோட்டார் கட்டில் வாங்க இருந்தேன், பிசியோ தம்பிதான் வேண்டாமென்றார். கால் தரையில் பதியும் உயரத்தில் ஒரு சாதாரணக் கட்டில் போதும் என்றார். அவர் சொன்னது சரி. அந்த உயரத்திலிருந்துதான் அப்பா தானாக எழுந்து நின்றார்.

பென்ஷன்தான் அடுத்த கவலை. அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். உயிர்வாழ் சான்று கொடுக்கும் மாதம் நெருங்கியது. தபால்காரர் வீட்டுக்கே வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இடது கைவிரலை மெஷினில் வைத்துப் பதிவு செய்துகொண்டார். கட்டணம் 70 ரூபாய். வங்கியில் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகையை ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது, இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். எங்கள் கிளையில் முதல் நாள் முடியாது என்றார்கள். விதியை எடுத்துக் காட்டிய பிறகு மேனேஜரே வீட்டுக்கு வந்தார்.

பேச்சு மட்டும் திரும்பவே இல்லை என்று நினைத்திருந்தோம். ஆயிரம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர், "தண்ணி" என்ற வார்த்தை வராமல் அழுதார். ஒரு நாள் அம்மா கஞ்சி ஊட்டும்போது ஸ்பூனை எண்ணிக்கொண்டிருந்தார். "மூணு" என்று நிறுத்தியதும் அப்பா "நாலு, அஞ்சு, ஆறு" என்று தொடர்ந்தார். தனியாகக் கேட்டால் வராத சொல், வரிசையாகப் போனால் வந்தது. பக்கவாதத்தில் இப்படி நடப்பதுண்டு என்றார் பிசியோ தம்பி. அன்றிலிருந்து அம்மா தினமும் அரை மணி நேரம் வாய்ப்பாடும் மாதப் பெயர்களும் சொல்லவைத்தார்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா பெட்டியைக் காட்டி, இடது கையை விரித்தார். எப்போது என்று கேட்கிறார். "நீங்களே சொல்லுங்கப்பா" என்று டிக்கெட்டைக் காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு விரல் மடக்கி மடக்கி, "ஞாயிறு... திங்கள்... செவ்வாய்... புதன்..." என்று போய், "வியாழன்" என்று நின்றார்.