ப்ரீமெட் படிக்கிற பிள்ளைங்களுக்கு எந்த மொழி: ஸ்பானிஷா, சைன் லாங்குவேஜா, மாண்டரினா, லத்தீனா?

நான் ஹூஸ்டன்ல நர்ஸ். என் பொண்ணு காலேஜ்ல ரெண்டாவது வருஷம், மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்ணப் போறா, அதுக்குத் தயாராகற காலேஜ் படிப்பைத்தான் ப்ரீமெட்னு சொல்றோம். கெமிஸ்ட்ரி, பயாலஜி, பிசிக்ஸ் எல்லாம் எடுத்தது போக கொஞ்சம் இடம் இருக்கு, எந்த மொழி எடுக்கலாம்னு கேட்டா. தெரிஞ்ச வீட்டுப் பிள்ளைங்களும் இதையேதான் கேக்கறாங்க, அதான் உக்காந்து எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு. பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல் வெளிநாட்டு மொழி கட்டாயம்னு கேக்கறதே இல்ல. அப்ளிகேஷன்ல சயின்ஸ் ஜிபிஏ, அதாவது சயின்ஸ் பாடங்களோட மார்க் சராசரின்னு தனியா ஒண்ணு போடுவாங்க, மொழி மார்க் அதுல வராது, ஆனா மொத்த ஜிபிஏல கண்டிப்பா வரும். அதனால "ரெஸ்யூமேக்கு நல்லா இருக்கும்"னு மட்டும் எடுத்து பி மைனஸ் வாங்கினா நஷ்டந்தான். நாளைக்கு உங்க முன்னாடி எந்த பேஷண்ட் உக்காரப் போறாங்க, அதை யோசிச்சு எடுங்க.

ஸ்பானிஷ். அமெரிக்காவுல 4 கோடி பேருக்கு மேல வீட்ல ஸ்பானிஷ் பேசறாங்க, எங்க ஊர்ல எந்த வார்டுக்குப் போனாலும் காதுல விழும். படிக்கறதுக்கும் மத்ததை விட சுலபம், அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஆளுங்களுக்குப் பயிற்சி குடுக்கற கணக்குல ஸ்பானிஷுக்கு சுமார் 30 வாரம், வியட்நாமீஸுக்கு 44, மாண்டரினுக்கு 88, அதுவும் முழு நேரமா உக்காந்து படிச்சா. இன்னொரு வசதி என்னன்னா ஃப்ரீ கிளினிக்ல வாலண்டியர் பண்ணும்போதே பேசிப் பழகலாம், கிளாஸ்ல படிச்சது அன்னைக்கே வாயில வந்துடும்.

ஆனா அரைகுறை ஸ்பானிஷ் ஆபத்து, இதை நான் அழுத்தியே சொல்லுவேன். 1980ல ஃப்ளோரிடாவுல 18 வயசுப் பையன் ஒருத்தனை சுயநினைவு இல்லாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாங்க. வீட்டுக்காரங்க "இன்டாக்சிகாடோ"ன்னு சொன்னாங்க, அதாவது சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கலன்னு. அங்க இருந்தவங்க அதை போதைன்னு எடுத்துக்கிட்டு ஓவர்டோஸுக்கு வைத்தியம் பண்ணிட்டாங்க. உண்மையில மூளைக்குள்ள ரத்தக்கசிவு, அது தெரியறதுக்குள்ள கை கால் நாலும் செயலிழந்து போயிடுச்சு. ஒரு வார்த்தைங்க. மருந்துச் சீட்டுல இங்கிலீஷ்ல "ஒன்ஸ்"னு இருந்தா ஒரு தடவை, அதே எழுத்தை ஸ்பானிஷ் தெரிஞ்சவங்க படிச்சா பதினொண்ணு. ரெண்டு செமஸ்டர் படிச்சுட்டு நோயைப் பத்தி விளக்க ஆரம்பிச்சுடாதீங்க. வணக்கம் சொல்லுங்க, வலி எங்கன்னு கேளுங்க, அதுக்கு மேல இன்டர்பிரட்டரை, அதாவது பேச்சை மொழிபெயர்த்துச் சொல்றவரைக் கூப்பிடுங்க.

2010ல வந்த அஃபோர்டபிள் கேர் ஆக்ட்ங்கற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தோட 1557வது பிரிவுப்படி தகுதியான இன்டர்பிரட்டரை காசு வாங்காம குடுக்கணும், அவசரம் தவிர சின்னப் பிள்ளைங்களை வச்சு பேசக்கூடாது. இருந்தும் நான் முன்ன வேலை பாத்த ஒரு இடத்துல பத்து வயசுப் பொண்ணு அவங்க அம்மாவுக்கு கட்டி இருக்குன்னு சொல்ற மாதிரி ஆகிப்போச்சு. அந்தக் குழந்தை முகம் எனக்கு இன்னும் மறக்கல. அந்த நேரத்துல போனை எடுத்து இன்டர்பிரட்டரைக் கூப்பிடுன்னு சொல்ற டாக்டர்தான் வேணும், மொழி படிச்ச பிள்ளைங்களுக்கு அது சீக்கிரம் புரியுதுன்னு எனக்குத் தோணுது. ஸ்பானிஷ்லயும் ஒரு விஷயம், மெக்சிகோவுல இருந்து வர்ற எல்லாருக்கும் அது தாய்மொழி இல்ல. கலிஃபோர்னியா வயக்காட்டுல வேலை செய்யற நிறைய பேருக்கு மிக்ஸ்டெக்ங்கற மெக்சிகோ பூர்வகுடி மொழிதான் வீட்டு மொழி.

சைன் லாங்குவேஜ், அதாவது காது கேக்காதவங்க பேசற சைகை மொழி பத்தி நம்ம ஆளுங்க பேசறதே இல்ல, எனக்கு அது வருத்தம். அமெரிக்கன் சைன் லாங்குவேஜ் இங்கிலீஷை கையால காட்டறது கிடையாது, தனி இலக்கணம் உள்ள தனி மொழி, 1960ல வில்லியம் ஸ்டோக்கிங்கறவர் அதை ஆராய்ச்சி பண்ணி எழுதின பிறகுதான் படிச்சவங்களே ஒத்துக்க ஆரம்பிச்சாங்க. ஆமாவா இல்லையான்னு கேக்கணும்னா புருவத்தைத் தூக்கணும், ஏன் எங்கன்னு கேக்கணும்னா புருவத்தைச் சுருக்கணும், இலக்கணமே முகத்துலதான் இருக்கு. கோவிட் சமயத்துல நாங்க எல்லாரும் மாஸ்க் போட்டு நின்னப்போ காது கேக்காத பேஷண்டுக்கு பாதி பேச்சு அப்படியே மறைஞ்சு போச்சு. பேப்பர்ல எழுதிக் காட்டினா போதாதான்னு கேப்பாங்க, போதாது, பல பேருக்கு இங்கிலீஷ் ரெண்டாவது மொழி. 1990ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி அவங்களுக்கும் இன்டர்பிரட்டர் கேக்கற உரிமை இருக்கு. ஸ்பானிஷ் பேசற டாக்டர் எத்தனையோ பேர் கிடைப்பாங்க, சைன் பண்ணத் தெரிஞ்ச டாக்டரை நான் இத்தனை வருஷத்துல ஒருத்தரைத்தான் பாத்திருக்கேன், அவரு உள்ள வந்து கையைத் தூக்கினதும் பேஷண்டா இருந்த காது கேக்காத பாட்டி அழுதுட்டாங்க. சிக்கல் என்னன்னா காலேஜோட மொழித் தேவைக்கு இது எல்லா இடத்துலயும் கணக்குல வராது, முன்னாடியே கேட்டுக்கோங்க.

மாண்டரின் ஆசையா இருந்தா எடுங்க, ஆனா ஆர்கானிக் கெமிஸ்ட்ரியோட சேத்து எடுக்காதீங்க, எழுத்துக்கே தினம் நேரம் போயிடும். எங்க ஹூஸ்டன்ல பாத்தா வியட்நாமீஸ் ஜனம் நிறைய, பெல்லேர் ரோடு பக்கம் கடைப் பலகையெல்லாம் அதுதான், எழுத்தும் ரோமன் எழுத்து. உங்க ஊர்ல யார் இருக்காங்கன்னு பாருங்க.

லத்தீனுக்கு நான் ஓட்டு போட மாட்டேன். மருத்துவ வார்த்தைக்கு உதவும்னு சொல்வாங்க, ஆனா பாதி வார்த்தை கிரேக்கம், கிட்னிக்கு ரீனல்னா லத்தீன், நெஃப்ரோன்னா கிரேக்கம். மெடிக்கல் டெர்மினாலஜின்னு ஒரு செமஸ்டர் கிளாஸ் எடுத்தா அது போதும். லத்தீன் கவிதை பிடிக்கும்னா அது வேற கதை, தாராளமா படிங்க.

இன்னொண்ணு, அப்ளிகேஷன்ல தெரிஞ்ச மொழியெல்லாம் கேப்பாங்க, எவ்வளவு தெரியும்னு சொல்ல அஞ்சு நிலை இருக்கும். நம்ம பிள்ளைங்க தமிழைப் போட மறந்துடறாங்க, போடுங்க. ஸ்பானிஷை மட்டும் கூட்டிப் போடாதீங்க, இன்டர்வியூல அந்த மொழியிலயே பேச ஆரம்பிச்சா மாட்டிக்குவீங்க.

என் பொண்ணு ஸ்கூல்லயே கொஞ்சம் படிச்சதால ஸ்பானிஷ் மூணாவது லெவல்ல சேந்துட்டா. சைன் லாங்குவேஜ் முதல் வகுப்பு ரெண்டு தடவை முயற்சி பண்ணியும் இடம் கிடைக்கல, இந்த தடவை ரெஜிஸ்ட்ரேஷன் திறக்கற அன்னைக்கு காலைல ஏழு மணிக்கே எழுப்பச் சொல்லியிருக்கா.