டிட்டிகாக்கா ஏரியில் ஓர் இரவு: கோரைத் தீவா, மலைத் தீவா?

பெரு நாட்டின் புனோ நகரிலிருந்து டிட்டிகாக்கா ஏரிக்குள் செல்பவர்கள், ஓர் இரவை அங்கே கழிக்க விரும்பினால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஒன்று, அரை மணி நேரப் படகுப் பயணத்தில் வந்துவிடும் உரோஸ் மக்களின் மிதக்கும் தீவுகள். மற்றொன்று, மூன்று மணி நேரத்துக்கும் மேல் படகில் அமர்ந்து சேர வேண்டிய மலைத் தீவான அமந்தானி. நாங்கள் அமந்தானியில் தங்கினோம். உரோஸில் போகும் வழியில் ஒரு மணி நேரம் மட்டுமே இறங்கினோம். ஆகவே என் தராசு முன்பே ஒரு பக்கம் சாய்ந்ததுதான்.

குளிரிலும் ஏரியின் அழகிலும் பெரிய வேறுபாடில்லை. ஏரி 3,812 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரண்டு இடங்களிலும் மூன்றாவதாக ஒரு கம்பளிப் போர்வையும் தேவைப்படும்.

வியப்பு என்று பார்த்தால் உரோஸுக்கு ஈடில்லை. டொட்டோரா என்பது நம் ஊரில் பாய் முடையும் கோரையின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. அதன் வேர்க்கட்டிகளை அறுத்து ஒன்றோடொன்று பிணைத்து, மேலே கோரையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பித் தீவையே கட்டியிருக்கிறார்கள். அடியில் அழுக அழுக மேலே புதிதாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கால் வைத்தால் வைக்கோற்போரில் நடப்பதுபோல் அமிழ்கிறது. ஒரு தண்டை உரித்து அதன் வெண்மையான அடிப்பகுதியைத் தின்னக் கொடுத்தார்கள். சுவை என்று சொல்ல அதிகமில்லை, நீர்ச்சத்துதான். பிறகு பொம்மைத் தீவு ஒன்றை வைத்து விளக்கம், கைவினைப் பொருள் கடை, தனிக் கட்டணத்தில் கோரைப் படகுச் சவாரி.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர்களுடைய பிழைப்பு அது. ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது இந்த வேறுபாடுதான்: நாங்கள் இறங்கிய உரோஸ் தீவில் வருபவர்களைக் கவனிப்பதே அன்றைய வேலையாக இருந்தது, அமந்தானியிலோ வீட்டு வேலை அதன்போக்கில் நடக்க, நாங்கள் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். அங்கே எந்த வீட்டுக்கு எந்த விருந்தினர் என்பதை ஊரார் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். கெச்சுவா பேசும் எங்கள் வீட்டம்மாள் மாலையில் அடுப்படியில் அமர்ந்து உருளைக்கிழங்கை உரித்தபடியே, வெந்நீரில் முன்யா இலையைக் கிள்ளிப் போட்டுத் தந்தார். புதினா வாசம் வீசும் அந்தத் தேநீருடன், மறுநாள் எந்தப் படிவயலில் அவரைக்குக் களையெடுப்பது என்று கணவருடன் அவர் பேசிக்கொண்டிருந்ததை, பாதி சைகையாலும் பாதி ஸ்பானிய மொழியாலும் புரிந்துகொண்டோம். இரவில் உள்ளூர் உடை உடுத்தி ஆட அழைத்தது எங்களுக்காக நடத்தப்பட்டதுதான், அதை மறைப்பதற்கில்லை. அடுப்படிப் பேச்சு அப்படியன்று. உரோஸில் இரவு தங்கியிருந்தால், கடைசிப் படகு போன பிறகு இதே நெருக்கம் அங்கும் கிடைத்திருக்கலாம்.

உடல்நலம் பற்றி யோசித்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. அமந்தானியில் படகுத்துறையிலிருந்து வீடு வரை ஏற்றம்தான், வண்டி கிடையாது. பச்சமாமா, பச்சதாத்தா என்னும் இரு குன்றுகளின் உச்சிக்குப் போக வேண்டுமானால் ஏறக்குறைய 4,100 மீட்டர் வரை ஏற வேண்டும். நாங்கள் 3,400 மீட்டர் உயரமுள்ள குஸ்கோவில் சில நாள் தங்கிப் பழகிவிட்டு வந்தும் இருபது அடிக்கொருமுறை நின்று மூச்சு வாங்கினோம். லீமாவிலிருந்து விமானத்தில் நேரே வருபவர்களும் வயதான பெற்றோரை அழைத்து வருபவர்களும் உரோஸையே நாடட்டும். தரை சமம், இரவில் மூச்சுத் திணறினால் நகரத்து மருத்துவமனையும் பக்கம்.

அமந்தானி என்று முடிவெடுத்தால், புனோ துறையிலிருந்து காலையில் புறப்படும் தீவு மக்களின் படகிலேயே ஏறித் தங்கும் பணத்தை வீட்டாரிடம் நேரில் கொடுப்பது நல்லது. முகவர் வழியாகப் போனால், அவர்கள் கைக்கு எவ்வளவு சேரும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். புனோ சந்தையில் கொஞ்சம் அரிசியும் சர்க்கரையும் பழமும் வாங்கிக்கொண்டு போங்கள். எங்கள் வீட்டம்மாள் ஆரஞ்சுப் பழங்களைத்தான் முதலில் எடுத்து உள்ளே வைத்தார்.