மொட்டைமாடியில் ஹைபிரிட் டீ ரோஜா: ஆறு வருட அனுபவம்

2019 ஜூனில் ஓசூர்ப் பக்கம் ஒரு நர்சரியில் மூன்று ஹைபிரிட் டீ (காம்புக்கு ஒரு பெரிய பூ தரும் கலப்பின ரோஜா) ஒட்டுச்செடி வாங்கி வந்தேன்: டபுள் டிலைட், கிளாடியேட்டர், பீஸ். கோயம்புத்தூரில் வீடு, மொட்டைமாடி, 15 அங்குலத் தொட்டிகள். இப்போது இருப்பவை முதல் இரண்டும்தான்.

பீஸ் செடியைத்தான் ஆசை ஆசையாக வாங்கினேன். பிரான்சின் ஃபிரான்சிஸ் மெய்யான் உருவாக்கி, 1945ல் இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் இந்தப் பெயர் பெற்ற மஞ்சள் ரோஜா. இரண்டாம் வருடம் அடியிலிருந்து ஒரு கிளை கிடுகிடுவென்று கிளம்பியது. செடி தேறிவிட்டது என்று பூரித்துப்போய் இன்னும் உரம் வைத்தேன். அது ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து (ஒட்டுவதற்காக அடியில் வைத்த வேறு ரோஜா) வந்த காட்டுக்கிளை. ஆறு மாதத்தில் மேலே இருந்த பீஸ் காய்ந்துபோனது. இப்போது வாரம் ஒருமுறை ஒட்டு முடிச்சைப் பார்க்கிறேன். கீழே ஏதாவது துளிர்த்தால் மண்ணை விலக்கி, அது கிளம்பும் இடத்திலேயே பிய்த்து எடுக்கிறேன். மண்மட்டத்தில் வெட்டினால் மறுபடி வரும்.

அடுத்த பாடம் தண்ணீர். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். புதுத் தளிர் எல்லாம் மஞ்சளாக வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. வேப்பம்புண்ணாக்கு, மண்புழு உரம் எதைப் போட்டும் மாறவில்லை. மண்ணில் காரத்தன்மை ஏறிவிட்டால் இரும்புச்சத்து அங்கேயே இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. உரக்கடையில் கொடுத்த இடிடிஏ (EDTA) வகை இரும்பு கார மண்ணில் நிற்காது. இடிடிஹெச்ஏ (EDDHA) வகை என்று கேட்டு வாங்க வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் மூன்றே வாரத்தில் தளிர் பச்சை கட்டியது. கூடவே மாடியில் விழும் மழைநீரை டிரம்மில் பிடித்து, இந்த இரண்டு தொட்டிக்கு மட்டும் ஊற்றுகிறேன்.

கவாத்தைத் திருக்கார்த்திகையை ஒட்டி, டிசம்பர் முதல் வாரத்தில் செய்கிறேன். மழை குறைந்திருக்கும், வெட்டிய இடம் எளிதில் அழுகாது. காய்ந்த குச்சி, உள்பக்கம் பார்க்கும் கிளை எல்லாம் போகும். நல்ல கிளை நான்கை முழங்கால் உயரத்தில், வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டிவிட்டு போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைத் தடுப்பு) தடவுவேன். ஏறக்குறைய 45 நாளில், பொங்கலை ஒட்டிப் பூ வரும். வருடத்தின் பெரிய பூக்கள் அவைதான். ஒரு காம்புக்கு ஒரு மொட்டு மட்டும் விட்டால் டபுள் டிலைட் நாலரை அங்குலம் விரிகிறது. அந்த வாசனைக்காகவே காலையில் காபியோடு மாடிக்குப் போய்விடுவேன்.

ஏப்ரல், மே மாதங்களில் பெரிய பூவை எதிர்பார்க்காதீர்கள். பாதி அளவுதான் வரும். டபுள் டிலைட்டின் வெண்மையும் வெயில் பட்டுச் சீக்கிரம் சிவந்துவிடும். அந்த இரண்டு மாதமும் மொட்டைக் கிள்ளிவிட்டு, பச்சை வலை கட்டி, தொட்டி மண்ணைக் காய்ந்த இலையால் மூடுகிறேன். செடி பிழைத்தால் போதும்.

இலையில் சாறு உறிஞ்சும் செஞ்சிலந்திக்கு மருந்தைவிடத் தண்ணீரே கேட்கிறது. காலையில் இலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சினால் போதும், வெயிலில் உலர்ந்துவிடும். மாலையில் இலையை நனைப்பதை நிறுத்திய பிறகு கரும்புள்ளி என்ற பூஞ்சை நோயும் வெகுவாகக் குறைந்தது. அந்தப் பூஞ்சை முளைக்க இலை சுமார் ஏழு மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். இரவு ஈரம் அதற்கு வசதி.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது கிளாடியேட்டர்தான். வாசனை குறைவு, ஆனால் எங்கள் வெயிலை நன்றாகத் தாங்குகிறது, வெட்டி வைத்த பூவும் ஐந்து நாள் நிற்கிறது.

பீஸ் இருந்த தொட்டியில் அம்மா பக்கத்து வீட்டுப் பன்னீர் ரோஜாக் குச்சி ஒன்றை ஊன்றினார். ஒட்டு இல்லாத செடி. அடியிலிருந்து எது துளிர்த்தாலும் அதுவும் பன்னீர் ரோஜாதான். இந்த வாரம் மூன்று புதுக் கிளை வந்திருக்கிறது.